மாதா காலடியில் லயத்துத் தண்ணி

இல்ல சாமி, நீங்க ஜன்னல் பக்கம் ஒக்காருங்க. இந்தப் பை என் மடியிலயே இருக்கட்டும், மேல வச்சா வளைவுல விழுந்துரும். ஒங்க ஜீப்பு கராஜ்ல கெடக்குறதும் ஒரு வகையில நல்லதுக்குத்தான். ஜீப்புன்னா டவுன் வரைக்கும் செபமாலை சொல்லச் சொல்லுவீங்க. இங்க சொல்ல முடியாது பாருங்க, டிரைவர் பாட்டுப் போட்டிருக்கான்.

அதை இன்னொருக்கா வாசிங்களேன். அந்த முறைப்பாட்டுக் கடுதாசியைத்தான். ம். மேற்படி தோட்டத்தின் பணிய லயத்தைச் சேர்ந்த தினேஸ் என்பவர் எமது கெபியை உடைத்து, மாதா சுருவத்தைத் தள்ளி, தண்ணீர்க் குழாயைத் தமது லயத்துக்குத் திருப்பியுள்ளார். சுருவத்தின் வலது கையையும் காணவில்லை. இவர் உடைப்பதாகப் பயமுறுத்தியதை எமது உபதேசியார் சந்தியாகு நேரில் கேட்டுள்ளார். நல்லாத்தான் எழுதியிருக்கு கோயில் கமிட்டி. மேற்படியாம். தோட்டத்துக்கு எப்பவும் ஒரு மேற்படி இருக்கும்.

ஆமா, கேட்டேன். ரெண்டு காதாலயும் கேட்டேன். கீழ நீங்க ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. அது விழுந்தா பொலிசுல கெடக்குற அவனை நாளைக்குக் கொழும்புக்கு ஏத்திருவாங்க. கோயிலை ஒடச்சவன்னு போட மாட்டாங்க, புலி கேசுன்னு போடுவாங்க. பொறகு அவன் எப்ப வருவான்னு அந்த மாதாவுக்கும் தெரியாது. போன வருசம் பண்டாரவளைப் பக்கம் தடுப்பு முகாமுல இருந்த பயலுங்க எப்புடிச் செத்தாங்கன்னு நான் ஒங்களுக்குச் சொல்ல வேணாம்.

பயப்படாதீங்க, நான் பின்வாங்கல. சாட்சி சொல்லத்தானே கூட்டிட்டுப் போறீங்க? சொல்றேன். ஆனா நீங்க வந்து ரெண்டு மாசம்தானே ஆகுது. அந்தக் கெபி எப்புடி வந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்களேன். டவுனுக்கு இன்னும் ஒண்ணரை மணித்தியாலம் இருக்கு.

போன வருசம் யூபிலி வருசம். ஒங்களுக்கு முந்தி இருந்த இஞ்ஞாசி சாமி பூசையில சொன்னாரு, யூபிலின்னா அடைபட்டவங்கள விடுதலை பண்ணுற வருசம், பறிச்சதைத் திருப்பிக் குடுக்குற வருசம்னு. பழைய ஏற்பாட்டுல அப்படித்தான் இருக்காம். சரி, யாரை விடப் போறோம், எதைத் திருப்பிக் குடுக்கப் போறோம்னு நானும் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். பிரசங்கம் முடியுற நேரத்துல சொல்றாரு, அதனால நாம மாதாவுக்குக் கெபி கட்டுவோம்னு. அந்த அதனால எங்க இருந்து வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புடிபடல.

கல்லு சுமந்தது யாருன்னு நெனைக்கிறீங்க? மேல் லயத்து வேதக்காரங்களா? அவங்கள்ல பாதிப் பேருக்கு அந்த மாசம் பாத்து இடுப்பு வலி. சுமந்தது கீழ இருக்குற பணிய லயம். இருபத்தாறு வீடும் மாரியம்மாவைக் கும்புடுற சனம். இவளும் அம்மாதானேன்னு சொல்லிக்கிட்டு, விடிய பெரட்டுக்குப் போயி வரிசையில நின்னு பேர் குடுத்து, நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துட்டு வந்து, ஆத்துல இருந்து கல்லு தூக்குனாங்க. பெரியாயி இருக்கே, தினேஸோட அம்மா, அறுவது வயசுல தலையில சும்மாடு வச்சுத் தூக்குச்சு. குகை மாதிரி அடுக்கி, உள்ள பீடம் கட்டி, சுருவத்தை நிப்பாட்டியாச்சு. அதோட விட்டிருக்கலாம்.

லூர்து நகர்ல மாதா காலடியில ஊத்து பொங்குச்சாமில்ல? இங்கயும் கல்லுல இருந்து தண்ணி வரணும்னு இஞ்ஞாசி சாமிக்கு ஆசை வந்துருச்சு. ஊத்து மேல பத்தாம் நம்பர் மலையில இருக்கு. அதுல இருந்து ஒரே ஒரு பைப்பு, ஒரு அங்குலம், நேரா பணிய லயத்துப் பீலிக்குப் போகுது. அந்த இருபத்தாறு வீட்டுக்கும் குடிக்க, ஆக்க, குளிக்க அந்த ஒரு பீலிதான். தோட்டத்துல பைப்பு வேலை பாக்குறவன் நான். கோயில்ல உபதேசியாரும் நான். சாமிக்கு வேற ஆளு தேடவே வேண்டியதில்லாமப் போச்சு. பீடத்துக்குப் பின்னால ஒரு டீ ஜாயிண்டு, ஒரு வால்வு. அரை நாள் வேலை. ஜாயிண்டு வெளிய தெரியக்கூடாதுன்னு நானே சீமெந்து பூசி மறைச்சேன். திருநாளுக்கு மட்டும் தொறப்போம், மத்த நாள் மூடிருவோம்னுதான் பேச்சு.

மூடுனோமா? நல்லாக் கேட்டீங்க போங்க.

மொத மாசமே ஸ்பிரிங்வெளித் தோட்டத்துல இருந்து வந்த ஒரு கெழவனுக்கு முழங்கால் வலி நின்னுருச்சாம். அடுத்த ஞாயிறு பதுளையில இருந்து ஒரு வான் நெறைய சனம். அதுக்கடுத்தது நாலு வான். தமிழ் ஆளுங்க, சிங்கள ஆளுங்க, எல்லாந்தான். சந்திக் கடை இத்ரூஸ் நானா பிளாஸ்டிக் கேன் வாங்கி மலை மாதிரி அடுக்கிட்டாரு. அவரை நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவரு கேன் விக்கிறேன்னுதான் சொன்னாரு, புதுமை விக்கிறேன்னு சொல்லல. அதே தண்ணிதான் சாமி. முந்தாநாள் வரைக்கும் பெரியாயி அரிசி களைஞ்ச தண்ணி. பீலியில வந்தா பைப்புத் தண்ணி, மாதா காலடியில வந்தா புதுமைத் தண்ணி.

நானா? நான் வெள்ளைச் சாரம் கட்டிக்கிட்டு மைக்கைப் புடிச்சேன். வரிசையா வாங்க, தள்ளாதீங்க, விசுவாசத்தோட புடிங்க. முப்பது வருசமா பைப்பைத் தூக்கிக்கிட்டு மலை மலையா ஏறுனவனை ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. இப்ப கார்ல வர்ற பொம்பளைங்க கையைப் புடிச்சு, உபதேசியாரே எங்களுக்காக வேண்டிக்கங்கன்னு அழுகுறாங்க. ருசியா இருந்துச்சு சாமி. ஐம்பத்திநாலு வயசுல இல்லைன்னு பொய் சொல்லக் கூடாது. ரொம்ப ருசியா இருந்துச்சு.

தோட்டத்துத் தொரைக்கும் சந்தோசம். பணிய லயத்துக்குப் பெரிய தொட்டி கட்டித் தரச் சொல்லி யூனியன் தலைவரு மூணு வருசமா நச்சரிச்சுக்கிட்டு இருந்தாரு. கெபித் திறப்பு விழாவுல அவருக்கு மாலை போட்டு ரிப்பன் வெட்ட விட்டோம். அதோட தொட்டியும் மறந்துருச்சு, நச்சரிப்பும் நின்னுருச்சு.

அங்க பீலியில தண்ணி நூலாயிருச்சு. ஒரு குடம் நெறைய முக்கால் மணி நேரம். யாராவது வந்து என் சட்டையைப் புடிப்பாங்கன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒருத்தரும் வரல. அம்மாவுக்குப் போற தண்ணியை நாம எப்புடிக் கேக்குறதுன்னுட்டு, குடத்தைத் தூக்கிக்கிட்டு ஆத்துக்கு எறங்கிட்டாங்க. அரைக் கட்டை, அரை மைல் தூரம். எறங்குறது கூடப் பரவால்ல, நெறஞ்ச குடத்தோட ஏறணும்.

எனக்கும் குத்துச்சு. குத்தலைன்னு நெனைக்காதீங்க. தபசு காலத்துல இஞ்ஞாசி சாமிக்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அடுத்தவன் தண்ணியை எடுத்துட்டேன் சாமின்னேன். கூண்டுக்குள்ள இருந்து கேக்குறாரு, சுயநலத்துக்கா எடுத்தேன்னு. இல்ல, மாதாவுக்குன்னேன். அப்ப மூணு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டுப் போன்னாரு. மூணு இல்ல, அஞ்சு சொன்னேன். மனசு பஞ்சாயிருச்சு சாமி, அப்புடி ஒரு சொகம். வெளிய வந்து பாத்தா கெபியில தண்ணி ஜோன்னு கொட்டுது. பாவம் போயிருச்சு, தண்ணி மட்டும் திரும்பிப் போகல. என் மனசைக் கழுவுறதுக்கு அந்த இருபத்தாறு வீட்டுல ஒருத்தரைக் கூட ஒரு வார்த்தை கேக்க வேண்டியதில்லாமப் போச்சு.

அதுக்குப் பொறகுதான் ஒங்க கருத்தரங்கு. பண்டாரவளையில மூணு நாள், திருச்சபையின் சமூகப் போதனை. பங்குக்கு ரெண்டு பேருன்னு என்னையும் அனுப்புனாங்க. ஒங்களை மொதல்ல பாத்தது அங்கதான். ரோமாபுரியில படிச்ச சாமி யாழ்ப்பாணத் தமிழ்ல பேசுறாருன்னு வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டோம். மனித மாண்பு. பொதுநலன். ஆளாளுக்கு முன்னால ஒரு போத்தல் தண்ணி. குழுவாப் பிரிச்சு, பெரிய கடுதாசியில கலர் பேனாவால வறுமைக்கு அஞ்சு காரணம் எழுதச் சொன்னீங்க. எங்க குழு ஏழு எழுதுச்சு, கை தட்டுனாங்க. ஏழுல ஒண்ணுல கூட எங்க பேரு இல்ல. மத்தியானம் கோழிக்கறி.

ஆனா ஒண்ணு சொன்னீங்க. பலகையில கூட எழுதல, போற போக்குல சொன்னீங்க. கடவுள் இந்த ஒலகத்துப் பொருளை எல்லாருக்குமாத்தான் குடுத்தாரு. உசுருக்குத் தேவைன்னு ஒருத்தன் எடுத்தா அது களவு இல்ல, இல்லாதவனுக்குக் குடுக்காமப் பூட்டி வச்சிருக்கிறவன்தான் களவாணின்னு. பழைய காலத்து அர்ச்சியசிஷ்டவங்க, புனிதருங்க சொன்னதுன்னீங்க. கொப்பியில எழுதிக்கிட்டேன்.

ஞாபகம் இல்லையா? ஒங்களுக்கு எதுக்கு ஞாபகம். நீங்க அதை எத்தனையோ எடத்துல சொல்லியிருப்பீங்க. கேட்டுட்டு வந்தவன்தான் அதோட குடும்பம் நடத்தணும்.

பொறுங்க, செக்பொயின்ட். நாங்க எறங்கி ஐடென்டியைக் காட்டிட்டு நடந்து வரணும். நீங்க இருங்க, ஒங்க அங்கிக்கு ஐடென்டி வேணாம். இந்தப் பையைக் கொஞ்சம் பக்கத்துல வச்சுக்கங்க.

ம், முடிஞ்சுது. பாத்தீங்களா, எல்லார் பையையும் கிண்டுனான், ஒங்க பக்கத்துல இருந்ததைத் தொடக் கூட இல்ல. தலையைக் குனிஞ்சு மரியாதை வச்சுட்டுப் போறான். தினேஸுக்கு அந்த அங்கியை ஒரு நாள் எரவல் குடுத்திருந்தா இன்னைக்கு வீட்டுல இருந்திருப்பான். சும்மா பகிடிக்குச் சொன்னேன் சாமி, முகத்தை அப்புடி வைக்காதீங்க.

எதுல விட்டேன்? இந்த வருச வறட்சி. ஆனியில இருந்து மழை இல்ல, காத்து மட்டும் அடிச்சுக்கிட்டே இருக்கு. பீலி சுத்தமா நின்னுருச்சு. கெபியில மட்டும் வருது, ஏன்னா டீ ஜாயிண்டு மேட்டுல இருக்கு, வர்ற கொஞ்சத்தையும் மொதல்ல அது குடிச்சிரும். தினேஸ் பொஞ்சாதி சுபாஜினி, ஏழு மாசம், ஆத்துல இருந்து குடத்தோட ஏறி வரும்போது சறுக்கி விழுந்துருச்சு. புள்ள தங்கல. மறுநாள் நவநாள் செபம் நடக்குற நேரத்துல தினேஸ் கெபிக்கு முன்னால வந்து நின்னான். இந்தக் கல்லை ஒடைச்சுத் தண்ணியை எடுக்காம விட மாட்டேன்னு கத்துனான். அதைத்தான் நான் கேட்டேன். கமிட்டி எழுதியிருக்கிறது உண்மைதான்.

அப்ப நான் என்ன செஞ்சேன்னு கமிட்டி எழுதல. மைக்கு என் கையில இருந்துச்சு. மாதா பாட்டை ஆரம்பிச்சேன். சத்தமா. அவன் சத்தம் கேக்காம இருக்க.

அன்னைக்குப் பின்னேரமே ஒங்ககிட்ட வந்து தண்ணி விசயத்தைச் சொன்னேன். இதாவது ஞாபகம் இருக்கா? நல்லாக் கேட்டீங்க, கண்ணு கூடக் கலங்குச்சு. இது அமைப்பு ரீதியான அநீதின்னீங்க. அமைப்புன்னா யாரு சாமி? அந்த டீ ஜாயிண்டை அமைச்சவன் நான்தான். ஒங்க முன்னாலதான் நின்னேன். நீங்க அஞ்சு பேர் கமிட்டி போட்டு, வீட்டுக்கு எத்தனை வாளி தண்ணி தேவைன்னு ஒரு படிவம் அடிச்சுக் குடுத்தீங்க. திருநாள் முடியட்டும், வர்ற சனம் வந்து போகட்டும், பொறகு பாப்போம்னீங்க. பத்து சுத்து சுத்துனா அந்த வால்வு மூடிரும்.

ஆமா, அந்த வால்வுச் சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு. எப்பவும் அங்கதான். நீங்க இதை எப்ப கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டே வந்தேன். பஸ் ஏறுனதுல இருந்து இஞ்ஞாசி சாமி, தொர, யூனியன், நீங்க, எல்லாரையும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். ஆனா சாவி என் இடுப்புல. யாராவது மூடுன்னு உத்தரவு குடுப்பாங்கன்னு ஒண்ணரை வருசம் காத்துக்கிட்டு இருந்தேன். உத்தரவு வந்தா நான் பொறுப்பு இல்ல பாருங்க. எங்க அப்பன் பாட்டன் காலத்துல இருந்து பெரட்டுல நின்னு பழகுன காலு, யாராவது சொன்னாத்தான் நகரும்.

திருநாளுக்கு மொத நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம். எல்லாரும் மலையில வேலைக்கு. நான் மட்டும் கெபியில கொடி கட்டிக்கிட்டு இருந்தேன். பெரியாயி வருது, தலையில குடம். ஆத்துத் தண்ணி. ஏறி வந்து மூச்சு வாங்குது. எதுக்கு ஆயி இங்க கொண்டாந்தேன்னு கேட்டேன். அம்மாவுக்குன்னுச்சு. இத்தனை வருசம் அவ ஊத்துத் தண்ணியைத் தெரியாம நாங்க எடுத்துப் பொழங்கிட்டோம், அதான் கோவத்துல எங்க புள்ளையை வாங்கிக்கிட்டா, போதாததுக்கு என் மகனும் வாய்க்கு வந்ததைப் பேசிட்டான், மன்னிச்சுக்க தாயின்னு ஊத்திட்டுப் போறேன்னுச்சு.

ஊத்துச்சு சாமி. அங்க ஏற்கெனவே தண்ணி கொட்டிக்கிட்டு இருக்கு, அது மேல ஒரு குடம் ஆத்துத் தண்ணியை ஊத்துது. ஒரு வாய் குடிக்கல, முகத்துல கூடத் தடவிக்கல. வெறும் குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டுத் திரும்பவும் ஆத்துக்கு எறங்கிருச்சு. வீட்டுல ஒலை வைக்கத் தண்ணி வேணுமில்ல.

இதுக்கு ரோமாபுரியில என்ன பேரு வச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது.

பொறகு நடந்ததுதான் ஒங்க கடுதாசியில இருக்கு. பொலிசு வந்து பாத்துச்சு. பைப்பு பணிய லயத்துக்கு மாட்டியிருக்கு, அப்ப பணிய லயத்தான்தான் ஒடச்சான், கத்துனவன் தினேஸ், ஏத்து. அவ்வளவுதான் அவங்க கணக்கு. த்ரெட் வெட்டி, சணல் சுத்தி, ஒரு சொட்டு ஒழுகாம மாட்டியிருக்கு சாமி அந்த பைப்பு. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுற தினேஸுக்கு அது தெரியுமான்னு ஒருத்தனாவது யோசிச்சானா? மேல் லயத்துச் சனம் ஞாயித்துக்கிழமை முழுக்க மாதாவோட கையைத் தேடித் தேயிலைக்குள்ள தவழ்ந்துச்சு. பீலி வத்துனப்ப ஒரு வாளி தண்ணி தூக்கிக் குடுக்காத சனம். கை பரலோகத்துக்குப் பறந்துருச்சுன்னு கூட ஒருத்தி சொன்னா.

பெரியாயி போன பொறகு சாவியைக் கையில எடுத்தேன். ஆனா வால்வை மூடுனா மறுநாள் யாராவது தொறக்கச் சொல்லுவாங்க. நானும் தொறப்பேன், என்னை எனக்குத் தெரியும். அதனால குழி தோண்டுற இரும்பு அலவாங்கை எடுத்தேன். நாலு குத்துல சீமெந்து விட்டுச்சு. அஞ்சாவதுல ஜாயிண்டு கழண்டுச்சு, அதோட பீடமும் ஆடிருச்சு. சுருவம் விழும்னு சத்தியமா நெனைக்கல. நான் பூசுன சீமெந்து, எனக்கே தெரிஞ்சிருக்கணும். ஆனா விழுந்த சத்தம் கேட்டும் நான் திரும்பிப் பாக்கல. பைப்பை லயத்துக்கு மாட்டி, தண்ணி எறங்குற சத்தம் கேட்ட பொறகுதான் மாதாவைப் பாத்தேன்.

ஆமா சாமி. நான்தான்.

அதுக்காக என்னைப் பெரிய ஆளுன்னு நெனச்சுராதீங்க. சனிக்கிழமை விடிய அவனைத் தூக்குனாங்க. பெரியாயி பொலிசு ஜீப்புக்குப் பின்னால ஓடுச்சு. நான் கோயில் வாசல்ல நின்னு பாத்தேன். ரெண்டு ராத்திரி அவன் உள்ள, நான் வீட்டுல சோறு தின்னேன். நேத்து பூசைக்கு முந்தி நீங்க கூண்டுல ஒக்காந்திருந்தப்ப வரிசையில நின்னேன், பாத்திருப்பீங்க. முன்னால ரெண்டே பேரு. வெலகி வந்துட்டேன். அங்க சொன்னா ஒங்க வாய்க்குப் பூட்டு. என் மனசு திரும்பவும் பஞ்சாயிரும். அவன் மட்டும் உள்ளயே கெடப்பான்.

அதான் பஸ்ல சொல்றேன். முன் சீட்டு அம்மா அப்பவே பாக்கு மெல்றதை நிப்பாட்டிட்டுக் கேட்டுக்கிட்டு வருது. பின்னால ரெண்டு பேரு. கேக்கட்டும்.

வேணாம் சாமி. அந்த ஊதாப் பட்டியை வெளிய எடுக்காதீங்க, கழுத்துல போடாதீங்க. இது பாவசங்கீர்த்தனம் இல்ல. என் பாவத்தைப் பத்தித் திருநாளெல்லாம் முடிஞ்ச பொறகு பாப்போம், ஒரு கமிட்டி போடுங்க. இப்ப நீங்க கேட்டது சாட்சி. இதை நீங்க வெளிய சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம், ஒங்க வாய் தொறந்துதான் இருக்கு. அந்தக் கடுதாசியைக் குடுக்கிறதும் கிழிக்கிறதும் ஒங்க கையில.

இந்தா, பஸ் ஹோல்ட் வந்துருச்சு. பொலிசு அந்த அரச மரத்துக்குப் பக்கத்துல. நீங்க முன்னால எறங்குங்க. எனக்குக் காலு மரத்துப் போச்சு, இந்தப் பையை ஒருக்கா புடிங்களேன். மெதுவா சாமி. உள்ள ரெண்டு வெரலு ஏற்கெனவே ஒடஞ்சிருக்கு.